இலக்கமில்லாத புத்தகம்

டீச்சர்,

புகைக்கூட்டில் காய்ந்த ரப்பர் ஷீட்டின் வாசனை உங்களுக்கு ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. வரக்காப்பொலயில் பஸ் ஏறும்போதே கைக்குட்டையில் ஓடிக்கொலோன் தெளித்துக்கொண்டு வருவீர்கள். தோட்டத்து வளைவு வந்ததும் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். நேற்று நூலக அலமாரியின் அடித்தட்டைக் காலிசெய்தபோது அதே வாசனை வந்தது.

வருடாந்தக் கணக்கெடுப்பு. புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியை புத்தகங்களின் இலக்கத்தை வாசிக்க, நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பழைய காலண்டர் தாள்களை மடித்து நூலால் தைத்த ஒன்றை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதுல நம்பரே இல்லையே மிஸ். கழிச்சிருவமா?"

"வையுங்க, பாப்போம்" என்றேன்.

தாள்களில் இருந்தது உங்கள் கையெழுத்து.

இறந்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. அந்த மாதிரி நம்பிக்கைகள் உங்கள் பக்கம். உங்கள் அடக்கத்தன்று மாதா கோவிலின் கடைசி வரிசையில் நின்று, எப்போது உட்கார வேண்டும் எப்போது எழ வேண்டும் என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் நாம் 'நீங்க' என்பதிலிருந்து இறங்கவில்லை. அதனால் இதையும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வருவதற்கு முன் அந்த அலமாரி திறப்பதே இல்லை. கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. வலயக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி யாராவது வந்தால் மட்டும் சாவி வெளியே வரும். புத்தகம் அரசாங்கச் சொத்து, தொலைந்தால் பள்ளிக்கூட அதிபர்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டி வைத்த புத்தகம் தொலைவதில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நீங்கள் சாவியைக் கேட்டு வாங்கினீர்கள். பிள்ளைகள் புத்தகத்தை லயத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சுருக்கம் எழுத வேண்டாம், படம் வரைய வேண்டாம். வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் என்ன கேள்வி கேட்டார் என்பதை மறுநாள் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நூலகப் பாடவேளையில் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்பீர்கள்:

"வீட்டுல என்ன கேட்டாங்க?"

எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய், வாளி சுமந்து திரும்பிவரும் ஒரு பெண் முயல் கதை கேட்டுச் சந்தேகம் வேறு கேட்பாளா? "கேள்விய புள்ளைங்களே வர்ற வழியில செஞ்சிக்கிட்டு வருதுங்க டீச்சர்" என்று சொன்னேன். நீங்கள் சோற்றுப் பொதியைப் பிரித்தபடி, "செய்யட்டுமே. அதுவும் வேலதானே" என்றீர்கள். விட்டுக்கொடுப்பது போலத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் அந்த விவாதத்தை முடித்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

சுகந்தி அப்போது நான்காம் ஆண்டில் இருந்தாள். அவள் கொண்டுவரும் கேள்விகளுக்கு மற்றப் பிள்ளைகளே காத்திருப்பார்கள். அவள் வாரக்கணக்கில் விடாமல் வைத்திருந்தது ஒரு குரங்குக் கதை. படம் நிறைய, எழுத்துக் கொஞ்சம். குரங்கின் கையில் ஒரு குடை. அவளுடைய அம்மா கேட்டாளாம்: "கொரங்கு அந்தக் கொடைய திருப்பிக் குடுத்துச்சா?"

புத்தகங்கள் புகையும் பால் கறையுமாகத் திரும்பி வந்தன. அதிபர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். வாசிப்பு மாதம் நெருங்கியபோது உங்களிடம் தீர்மானமாகச் சொன்னார்:

"சரி டீச்சர், விழாவில ஒரு புள்ள எல்லார் முன்னாலயும் ஒழுங்கா வாசிக்கட்டும். அலமாரி தொறந்தபடி இருக்கும். இல்லாட்டி சாவிய என்கிட்ட தந்திருங்க."

நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் சுகந்தியின் பெயரைச் சொன்னீர்கள்.

அன்று மழை. பெற்றோர் தலையில் போர்த்தி வந்த ஈரச் சாக்கை வாசலில் போட்டுவிட்டு வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி நடுவில் நின்று புத்தகத்தை விரித்தாள். கணக்கப்பிள்ளை ஐயா குடையோடு பால் நிறுக்க வந்ததும், குரங்கு அதை இரவல் கேட்டதும், ஐயா நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனதும் அவள் வாயில் தண்ணீராக ஓடின. சரியான இடத்தில் பக்கம் புரட்டினாள். விழாவுக்கு வந்திருந்த வலய அதிகாரி தலையை ஆட்டி ரசித்தார். கடைசியில் குரங்கு குடையைத் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது வாங்கிலிருந்து அவளுடைய அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏய், எங்கிட்ட குடுக்கலன்னுதானே சொன்ன?"

"அது அன்னைக்கி. இன்னைக்கி குடுத்துருச்சி."

"அதெப்படிடி? பொஸ்தகத்துல உள்ளது நாளுக்கு நாள் மாறுமா?"

"அந்தக் கொரங்குக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு போல அக்கா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. சுகந்தியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தை விரலால் தொட்டு, "இத வாசி" என்றார். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு உங்களைப் பார்த்தாள்.

அந்தப் புத்தகத்தில் கணக்கப்பிள்ளையும் இல்லை, இரவலும் இல்லை. குரங்கு வாழை இலையில் தனக்குக் குடை செய்கிறது, அவ்வளவே. எழுத்துக் கூட்டத் தெரியாமலே, வகுப்புப் பாடங்களை மற்றவர்களோடு சேர்ந்து சத்தமிட்டே மனப்பாடம் செய்து மேலேறி வந்திருந்தாள் அந்தப் பிள்ளை. நூலகத்தில் யாரையும் உரக்க வாசிக்கச் சொல்லக்கூடாது என்பது உங்கள் பிடிவாதம். வகுப்பில் பயப்படுவது போதும் என்பீர்கள். உங்கள் முறையில் இருந்த ஓட்டை அதுதான். அன்றைக்கே சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன்.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றீர்கள், கைக்குட்டைக்குள்ளிருந்து. "கேள்வி உண்மையான கேள்வி. அம்மாதான் கேட்டிருக்கா. புள்ள செஞ்சது கதைய மட்டுந்தான்."

தோற்றுப்போன ஒருவர் விவாதத்தில் வெல்வதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் பழைய காலண்டர்களோடு வந்தீர்கள். சுகந்தியை உட்காரவைத்து, அவள் சொன்ன குரங்குக் கதையை அவள் சொன்னபடியே தாளின் பின்பக்கத்தில் எழுதித் தைத்தீர்கள். முதலில் அதையும் அவள் பார்க்காமலே சொன்னாள், வழக்கம்போல மாற்றியும் சொன்னாள்.

"எழுதினபடி சொல்லு."

"நான் அப்புடி சொல்லவே இல்ல டீச்சர்."

"சொன்ன. இந்தா இருக்கு. 'குடுத்துருச்சி' எங்க இருக்குன்னு காட்டு பாப்போம்."

நாட்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. தான் சொல்லாததை நீங்கள் எழுதிவிட்டீர்களோ என்ற சந்தேகத்தில்தான் அவள் எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். சந்தேகத்தின் பயன் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரு மதியம் விரல் வைத்து அந்தச் சொல்லைப் பிடித்துவிட்டாள். பிறகு மற்றப் பிள்ளைகளும் கதை சொல்ல வரிசையில் நின்றார்கள். காலண்டர் தாளுக்கு இலக்கமும் இல்லை, பூட்டும் இல்லை. அவை லயத்துக்குப் போயின, கேள்விகளோடு திரும்பி வந்தன. அந்த அதிபர் மாற்றலாகிப் போன பிறகுதான் அலமாரி மறுபடி திறந்தது.

சுகந்தி பெரிய ஆளாகிவிடவில்லை. கேகாலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பில்லை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள் என்று முதலாளி குறைப்பட்டுக்கொண்டதாக அவளே சிரித்தபடி சொன்னாள்.

நேற்று அந்த இளம் ஆசிரியை பேனாவோடு காத்திருந்தார். "அப்ப புது நம்பர் போட்டுருவமா மிஸ்?"

"வேணாம்" என்றேன். "நம்பர் போட்டா பூட்டணும்."

அதை மேல்தட்டில் வைத்தேன். கடைசிப் பாடவேளையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எடுத்துப் போனாள். இன்று காலை வாசலில் நின்று அவளிடம் கேட்டேன். ஆம், இப்போது அங்கே நின்று கேட்பது நான். பதில்களை நம்பத்தான் பழகவில்லை.

"வீட்டுல என்ன கேட்டாங்க?"

"நனைஞ்சிக்கிட்டுப் போன கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு மறுநாள் தடிமன் புடிச்சிருக்குமே, அப்ப பால யாரு தராசுல நிறுத்ததுன்னு அம்மா கேட்டாங்க."

இதைப் பிள்ளை சொந்தமாகச் செய்திருக்க முடியாது, டீச்சர்.