பிண்ணாக்குத் தின்ற ஆடு

25-12-1974, புதன்

பண்டிகைக்கென்று என் ஓரகத்தி செம்மறி வளர்த்தாள். நான் நெட்டைக்கால் வெள்ளாடான கொடி ஆடு வளர்த்தேன். இன்று இரண்டு கறியும் ஒரே பந்தியில். அவளுடையது பஞ்சாக வெந்திருந்தது. என்னுடையதை எல்லோரும் மென்றுகொண்டே இருந்தார்கள்.

“ஏளா, ஆட்டை ஓட்டப் பந்தயத்துக்கா வளத்த?” என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். கொடி ஆட்டுக்குக் கொழுப்பெல்லாம் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றித்தான் சேரும், சதையில் படியாது. நான் போட்டதும் வெறும் உடைமரத்துக் காய்ந்த நெத்து. செம்மறிக்குச் சதையோடு கொழுப்பு ஏறும். பிண்ணாக்கும் தின்றால் இன்னும் ஏறும். சொன்னால் படித்த திமிர் என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

இவர் இரண்டாம் முறையும் அவள் சட்டியிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பாத்திரம் கழுவும்போது, “பிண்ணாக்கு எங்கக்கா வாங்குனீங்க?” என்றேன்.

“ஒன் வீட்டுக்காரர்தாம்ளா. வேலை முடிஞ்சு வாரப்ப, வாரா வாரம் மில்லுல இருந்து சைக்கிள்ல கொண்டாந்து போட்டாரு. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியுமே” என்றேன்.

என் ஆட்டுக்கு ஒரு கட்டிகூட வரவில்லை. இப்போது எழுப்பி விசாரித்தால், நீ கேட்கவில்லையே என்பார். அவள் மட்டும் கேட்டாளா?