முதல் பாலுக்குப் பேசிய பேரம்

அக்கா, உங்கள் மருமகளுக்கு இன்று காலை பெண் குழந்தை பிறந்தது. என்னைப்போலவே அவளுக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை; கடைசி மாதங்களில் இன்சுலின். தாயும் பிள்ளையும் நலம். நீங்கள் உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். பிரசவ வார்டின் பினாயில் வாடை மூக்கில் ஏறியதும், தொண்ணூற்றிரண்டில் எனக்காக நீங்கள் அங்கே நின்றது கண்முன் வந்தது.

அப்போது வெல்ல மண்டி புதிது. தேரடியில் தலைச்சுமையாக விற்று நான் பிடித்த கடை. எனக்குத் துணை மூத்த ஓரகத்தியான நீங்கள்தான். சோற்றைக் குறைத்து அளந்து வைப்பீர்கள்; சாப்பிட்டதும் நடக்க விரட்டுவீர்கள். டாக்டரம்மா சர்க்கரையை நிறுத்தச் சொன்னார் என்றதும் நம் மாமியார், "வெல்லம் என்னா பண்ணும்? நம்ம சரக்கு சுத்தம்" என்று வெல்லக் காபி கொண்டுவருவார். வாங்கி நீங்களே குடித்துவிடுவீர்கள். வளைகாப்பிலும் அப்படித்தான். யார் இனிப்பை நீட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தீர்கள்.

"வளையல் அவளுக்கு, அதிரசம் எனக்கு. சீக்கிரம் ஊட்டுங்க, வாய் வலிக்குது."

கீழ்பென்னாத்தூர்ப் பெரியம்மா, "யாருக்குடி மசக்கை?" என்று கேட்டுவிட்டு உங்களுக்கே இன்னொன்று ஊட்டினார்.

என் பையன் பெரிய உருவமாகத்தான் பிறந்தான். ஆனால் தாய்க்குச் சர்க்கரை இருந்தால், பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், உடனே தாய்ப்பால் கொடுத்து, குதிகாலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாமியாரோ சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லி, நம் மண்டி வெல்லத்தைக் கரைத்த கிண்ணத்தோடு நின்றார். நான் அரை மயக்கத்தில். குத்திப் பார்த்ததில் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. "அத்த, மொதல்ல அவ பால் குடிக்கட்டும். வெல்லத்த வார்டு பூரா உங்க கையால குடுங்க. மண்டிக்காரம்மா பேரன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

மாமியார் கிண்ணத்தை வைத்துவிட்டு வெல்லப் பையை எடுத்தார். பையன் சப்பிக் குடித்தான். அடுத்து குத்திப் பார்த்தபோது அளவு ஏறியிருந்தது.

"கைக்கு ஒண்ணுமே குடுக்காம யாருதான் விட்டுக் குடுப்பாங்க?" என்று பிறகு சொன்னீர்கள். மண்டியில் இத்தனை வருடம் நான் பேசிய பேரமெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

இன்று மருமகளின் அம்மா சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். "இது எங்க வழக்கம்ங்க, மாத்த முடியாது" என்றார். பெயர் வைப்பது நம் பக்கத்து உரிமை. உங்கள் பெயரையே வைப்பதாக நானும் உங்கள் மகனும் முடிவு செய்திருந்தோம். அவன் முகத்தைப் பார்த்தேன். "பேசுங்க சித்தி" என்றான்.

பேசி முடித்தேன் அக்கா. முதல் பால் சொட்டு விடாமல் குழந்தைக்கு. ஆறு மாதம் டாக்டர் சொல்லாத எதுவும் அதன் வாயில் படாது. பெயர் அவர்கள் வைப்பார்கள்.