ஆஸ்பத்திரி போன்ல பேசினது நான்தான்

பாப்பாவுக்கு அம்மா எழுதுறது. இங்க அப்பாவும் நானும் சௌக்கியம், உன் இருமல் நின்னுச்சுன்னு தெரிஞ்சா முழு சௌக்கியம். கம்பெனிங்களுக்குப் போன் பண்ணினா கேக்குற அறிவிப்புக்குக் குரல் குடுக்கிற வேலையை விட்டு வந்ததுலேர்ந்து காலைல எழுந்தா போறதுக்கு இடமில்ல, ஒரே அலுப்பா இருக்கு. இப்ப வேலை கேட்டிருக்கிற புதுக் கம்பெனிக்காரர், முன்னாடி பேசினதை மாதிரிக்கு அனுப்புங்கன்னு கேக்குறார். "உன் குரல்தானேம்மா, எடுத்துப் போடு, யாருக்குத் தெரியப்போகுது"ன்னு நீ சுலபமா சொல்லிட்ட. குரல் என்னோடதுதான் கண்ணு, ஆனா எழுதிக்குடுத்த வார்த்தை, பின்னாடி ஓடுற மியூசிக், ரெக்கார்டிங் எல்லாம் பழைய கம்பெனியோடது, சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கேன். இருந்தாலும் மனசு கேக்காம பழைய மேனேஜர், அதான் நம்ம கொட்டாவி சார், அவர்கிட்ட கேட்டுப் பாத்தேன். "அப்ப நீங்க வீட்டு ஆளும்மா, இப்ப எதிர்க்கடை"ன்னு கொட்டாவி விட்டுக்கிட்டே முடியாதுன்னுட்டார்.

சரி, ஊரே கேக்குறதைப் புதுக் கம்பெனிக்காரரும் கேட்டா என்ன தப்புன்னு, நான் பேசிக்குடுத்த ஆஸ்பத்திரியோட நம்பரை அவர்கிட்ட குடுத்து, போன் பண்ணுங்க சார், தயவுசெய்து காத்திருக்கவும்னு சொல்றது நான்தான்னு பீத்திக்கிட்டேன். அவர் போட்டுப் பாத்தா என் குரலே இல்ல, கம்ப்யூட்டர் குரல் பேசுதாம்! நான் வேலையை விட்டதும் மாத்திட்டாங்க போல. நெட்ல வீடியோ பாத்துப் பாத்து, மூச்சுப் பிடிச்சு நானே கத்துக்கிட்டது, இருந்த தடமே இல்லாமப் போச்சு. அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல, அப்பாதான் கடையில ரொட்டி வாங்கிட்டு வந்தார்.

சொந்தமா ஏதாவது பேசி அனுப்புங்கன்னார் அவர். எதிரொலி வராம இருக்க, பீரோவுல துணிக்குள்ள தலையை விட்டு, மேல போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்தேன், அதுதான் நம்ம வீட்டு ஸ்டூடியோ. அப்பா "யாருக்குடி பயந்து ஒளிஞ்சிருக்க"ன்னு கேட்டுட்டுப் போறார். வாயைத் தொறந்தா கம்பெனி வார்த்தையாவே வருது. சலிச்சுப்போய், உன்கிட்ட பேசற மாதிரி பேசினேன், வெந்நீர் குடி, ஈரத்தலையோட வெளிய போகாத, ராத்திரி இருமினா பக்கத்து ரூம் பொண்ணை எழுப்பு, வெக்கப்படாதன்னு. அதையே அனுப்பிட்டேன். கோவிச்சுக்காத கண்ணு, அவங்க பொருளைத் தொடக்கூடாதுன்னு அவ்வளவு பேசினவ, உன் இருமலை உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துப் போட்டுட்டேன்.

நேத்து அவரே கூப்பிட்டார். வேலை பத்தித் திங்கக்கிழமை சொல்றாராம். வைக்கறதுக்கு முன்னாடி, "உங்க பொண்ணுக்கு இருமல் தேவலையா"ன்னு கேட்டார்.

நோய்நொடி அண்டாம நல்லா இரு. இருமலைப் பத்தி உடனே எழுது, நான் இப்ப இன்னொருத்தருக்கும் பதில் சொல்லணும்.

உன் அம்மா