ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஒயின்

குவாரிலிஹுவே, இத்தாத்தா
ஜனவரி 12

அன்புத் தம்பி நொல்பெர்த்தோவுக்கு,

அக்கா எதெல்மிரா எழுதுவது. சுரங்கத்தில் உன் உடம்பு சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் மகள் ராயேனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நவம்பருக்குப் பிறகு மழையே இல்லை. இங்கே நடப்பதைப் போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்றுதான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு மேட்டுத் திராட்சைக் கொடிகளின் ஒயினைத் திறந்தோம். இருநூறு வருஷத்துக் கொடியின் ஒயினை ருசிக்க வேண்டுமென்று சாந்தியாகோவிலிருந்து ஹிமேனா என்றொரு பெண் வந்திருந்தாள். பக்கத்து வீட்டு பெலார்மினோவும் அவர் மனைவி க்ளோத்தில்தேயும் வந்தார்கள். ஹிமேனா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். காட்டுச் செர்ரி, மழை விழுந்த மண் என்று சொல்லிச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெலார்மினோ ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன பொண்ணு, பீப்பாய நெருப்பு வச்சா கழுவின?” என்று என்னிடம் கேட்டார். “கிழவருக்கு நாக்கு செத்துப்போச்சு” என்று சிரித்த க்ளோத்தில்தே, தானும் குடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். நானும் குடித்தேன். பைன் மரம் எரிகிற புகை. தொண்டை வரை காந்தியது. நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்த ஹிமேனா, இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

அப்பா மணலில் புதைத்து வைத்த பழைய பாட்டில் ஒன்றையும் திறந்தேன். போன மாதம் அதே வரிசையில் எடுத்தது தேனாக இருந்தது. இதுவும் புகை. நம் மேட்டில் ஒருநாளும் நெருப்புப் பிடித்ததில்லை, உனக்கே தெரியும்.

செவ்வாயன்று பெலார்மினோ கட்டிலையும் கோழிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மனைவியோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மச்சினி வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் பாதி குடித்து மூடிய பாட்டிலையும் எடுத்துப் போனார். மறுநாள் போன் செய்தார். “அதே பாட்டில்தான், எதெல்மிரா. இங்க குடிச்சா பழம் மணக்குது. புகையே இல்ல. அங்கயே இருக்கப்போறவங்களுக்குத்தான் நெருப்பு முன்னாடியே மணக்குது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடு.”

அன்றே ராயேனை அவர்களிடம் அனுப்பிவிட்டேன். அம்மாதான் அசையவில்லை. “போறவங்க போங்கடி. இந்தக் கொடியெல்லாம் எங்க போகும்?” என்கிறாள். சாப்பாட்டோடு ஒரு கோப்பை கேட்டு, நிதானமாக, ருசித்து ருசித்துக் குடிக்கிறாள். புகை தெரியவில்லையா என்று கேட்டேன். தெரியாமல் என்ன என்று சொல்லி, காலிக் கோப்பையை மறுபடி நீட்டினாள். அவளை விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. இன்றைக்கு அவளோடு உட்கார்ந்து நானும் குடித்தேன். அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

நீ இந்த வாரமே விடுப்புப் போட்டுவிட்டு வா. ராயேனின் துணிகளெல்லாம் அவள் பையில் இருக்கின்றன. ஞானஸ்நானப் படத்தையும் வைத்திருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு அப்படியே வடக்கே போய்விடு. எங்களைப் பார்க்க வேண்டுமென்று மட்டும் ஆற்றைக் கடந்து வராதே, தம்பி.

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அக்கா
எதெல்மிரா