ஊர்த் தண்ணீர்

திண்டுக்கல்,
12.7.1963

என்னவருக்கு,

கடிதம் கிடைத்தது. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவை வெயிலில் காயவைக்க உங்கள் பல்கலைக்கழகம் சர்க்கார் பணத்தில் கட்டிய தொட்டிகள் பலன் தந்துவிட்டன, நம் கிணற்றில் உப்பே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஊர்களிலும் கட்டப்போகிறார்களாமே.

ஆனால் நம் கன்றுக்குட்டி அந்தத் தண்ணீரில் வாய் வைப்பதில்லை. பருப்பும் வேகவில்லை. நீங்கள் படித்தவர், என் நாக்குதான் கெட்டுவிட்டதோ என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

தொட்டி கட்டியதிலிருந்து, நீங்கள் சொன்னபடி சோதனைக்காக வாரம் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து அடுப்படியில் வைப்பேன். மறுநாள் ரயிலில் அனுப்புவேன். நேற்று அத்தை அதைக் கொட்டிவிட்டு, நாகல் நகர்க் குழாயில் பிடித்துவந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அத்தை இது?”

“எம்புள்ள ஊர்த் தண்ணிக்கு ஏங்கிப்போய்க் கேக்குறான். இந்த உப்புத் தண்ணியவா அவனுக்குக் குடிக்கக் குடுப்ப? மொதல்லருந்தே நான் மாத்தித்தான் வைக்கிறேன் தாயி.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உங்கள் பல்கலைக்கழகப் பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? சொல்வீர்கள்தானே?

இன்று ரயிலில் அனுப்பும் பாட்டிலை நானே இறைத்து நிரப்பி, அரக்கு வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, “தண்ணி இனிப்பா இருந்துச்சான்னு கேட்டு எழுது” என்கிறார்கள். எழுதிவிட்டேன்.

பதிலை யோசித்து எழுதுங்கள். நான்தான் அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தண்ணீர் அனுப்பியவள்