லேபிளில் வராத தமிழ்

தோஹா, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு விதுஷா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? நம் ஊர் பலாபத்வலவில் மழை விட்டதா?

நேற்று எங்கள் கிளினிக் கணினியை அப்கிரேட் செய்தபோது அது பாதியில் நின்றுவிட்டது. தமிழ் எழுத்துருவின் பழைய மென்பொருள் பேக்கேஜும் புதியதும் ஒரே கோப்புக்காக மோதிக்கொண்டன. மருந்து லேபிளில் தமிழுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வந்தன. தமிழை நீக்கிவிட்டு மற்றதை ஓட்டச் சொன்னார் மேலாளர். வெளியே கட்டட வேலை செய்யும் நம் ஆட்கள் மருந்துக்கு நின்றார்கள். அரை மணி நேரம் கேட்டு வாங்கி, பழையதை அகற்றிப் புதியதை ஏற்றினேன். நின்ற அப்கிரேட் தொடர்ந்து ஓடி முடிந்தது. பெரிய விஷயமில்லை.

முதல் லேபிளைச் சரிபார்க்க, "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பின்" என்று வாய்விட்டு வாசித்தேன். கவுண்டரில் நின்றவர் மருந்தை வாங்கிய பிறகும் நகரவில்லை.

"வெளங்கலையாங்க?" என்றேன்.

"வெளங்கிருச்சு தங்கச்சி. இன்னொருக்கா வாசிங்களேன்" என்றார்.

வாசித்தேன்.

இனி வாட்ஸ்அப்பில் எழுதாமல் பேசி அனுப்புங்கள், அப்பா. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவிடமும் சொல்லுங்கள். இதைக் கொண்டுவரும் றிஸ்மியா அக்காவுக்கு விமான நிலையம் போக வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்
விதுஷா