இடக்கைத் தப்பைகள்

இன்று மூங்கிலைப் பிளந்தபோது எழுந்த பச்சை வாடையில் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் தப்பைகளில் முன்கைக்கானவை மறுபடி தீர்ந்துவிட்டன.

உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு தேவாரம் ஊருக்கு வந்த புதிதில் நீளத் தப்பைகள்தான் சீக்கிரம் தீரும். இலவங்காய் பறிக்க ஏறியவர்கள் தொடையை முறித்துக்கொண்டு வருவார்கள். மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியதும் கிளீனர்கள் வந்தார்கள். வண்டியைக் கிளப்ப முன்னால் ஹாண்டிலைச் சுற்றும்போது அது திருப்பி அடித்து மணிக்கட்டு போயிருக்கும். "காலத்துக்குத் தக்கன எலும்பும் எடம் மாத்தி ஒடியுது புள்ள" என்று சிரிப்பீர்கள்.

பெண்களுக்கு மட்டும் அது மாறவேயில்லை. எப்போதும் இடக்கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். எல்லோரும் கிணற்றடியில் வழுக்கியதாகவே சொல்வார்கள். "விழுகிறவ கைய ஊண்டுவா, மணிக்கட்டுத்தேன் போகும். இது ஓங்குன கம்பத் தடுத்த கை" என்று என்னிடம் முணுமுணுப்பீர்கள். பிறகு முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசிக் கட்டி, கூட்டிவந்த புருஷனோடேயே அனுப்பிவிடுவீர்கள். எப்படி ஒடிந்தது என்று கேட்பது நம் தொழிலில் வழக்கமில்லையாம். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது தெரியுமா?

தேவதானப்பட்டிப் பெண் மூன்றாவது தடவையாக வந்தாள். முன்பு கூடிய இடத்திலேயே புது முறிவு. வண்டி மாட்டை அவிழ்க்காமல் வாசலிலேயே நின்றான் அவள் புருஷன். "இந்தத் தடவையும் அனுப்புனீகன்னா அடுத்து பொணமாத்தேன் வருவா" என்றேன். கட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனீர்கள்.

"எலும்பு சரியாச் சேரல. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இந்தப் புள்ள இங்கனதேன் இருக்கணும்."

அது பொய். அவ்வளவு நேர்த்தியாக நீங்கள் சேர்த்து நான் பார்த்ததேயில்லை.

"எம் பொண்டாட்டிய நிறுத்தி வைக்க நீ யாருய்யா?" என்று அவன் கம்பை ஓங்கினான். தலையில் விழ இருந்ததை நீங்கள் கையைத் தூக்கித் தடுத்தீர்கள். ஒடிந்த சத்தம் உள்ளே இருந்த எனக்கே கேட்டது. பக்கத்து வீட்டார் ஓடிவந்ததும் அவன் வண்டியேறிப் போய்விட்டான். உங்களுக்கும் இடக்கைதான், அதே நடு இடம்தான்.

அன்று நான்தான் உங்களுக்குக் கட்டினேன். அதற்கு முன் நான் யாருக்கும் கட்டியதில்லை. அந்தப் பெண் தன் நல்ல கையால் உங்கள் விரல்களை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எலும்பு கொஞ்சம் மேடாகத்தான் கூடியது. உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது அந்த மேட்டைத் தடவித்தான் அழுதேன், மாமா.

அவள் திரும்பிப் போகவேயில்லை. இப்போது எனக்கு மாவு குழைத்துத் தருகிறாள். இன்று காலை ஒரு சின்னப் பெண் இடக்கையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் வழுக்கியதாம். இருந்த கடைசித் தப்பைகளை வைத்துக் கட்டினேன். நேர்த்தியாகச் சேர்ந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே நின்ற அவள் புருஷனிடம் உங்கள் பொய்யை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். அவன் கம்பை இறுக்கிப் பிடித்தான். நான் வழியை விடவில்லை.

அந்தச் சின்னப் பெண் உள்ளே தூங்குகிறாள்.